ஐந்து மணிப் பாட்டு: டோக்கியோ புறநகர் ஒன்றின் வரலாறு

ஜப்பானியப் புறநகர்களில் மாலை வேளையில் ஒரு சிறு சடங்கு நிகழ்கிறது. பள்ளி முற்றங்களிலும் பூங்கா ஓரங்களிலும் நிற்கும் உயர்ந்த கம்பங்களின் ஒலிபெருக்கிகள் திடீரென ஓர் இசைத்துணுக்கைப் பரப்பும். பல ஊர்களில் இது ஐந்து மணிக்கு. குளிர்காலத்தில் சில ஊர்களில் சற்று முன்னதாக. நிலநடுக்கம், வெள்ளம் போன்ற பேரிடர்களை அறிவிக்க அமைத்த ஒலிபெருக்கிகள் அவை. பழுதின்றி இயங்குகின்றனவா என்று நாள்தோறும் சோதிக்கவே இந்த இசை. ஆனால் குழந்தைகளுக்கு அதன் பொருள் ஒன்றுதான்: விளையாடியது போதும், வீட்டுக்குப் போ.

அவ்வாறு ஒலிக்கும் மெட்டுகளில் மிகவும் பரவலானது 'யூயாகே கோயாகே' என்னும் சிறுவர் பாட்டு. அந்தி சாயும் நேரம், மலைக்கோயில் மணி, வீடு திரும்பும் பிள்ளைகள் ஆகியவை அதன் காட்சிகள். இதனை எழுதிய நகாமுரா உகோ 1897-இல் டோக்கியோவுக்கு மேற்கே ஓங்கதா என்ற சிற்றூரில் பிறந்தவர். இன்று அவ்வூர் ஹாச்சியோஜி நகராட்சிக்குள் அடங்கிவிட்டது. அதே ஹாச்சியோஜியின் தென்கிழக்கு மூலையில் குன்றுகளை வெட்டிச் சமன்செய்து எழுந்ததுதான், ஜப்பானின் மிகப்பெரிய திட்டமிட்ட புறநகரான தாமா புதுநகரின் ஒரு பகுதி. கிராமத்து அந்தியைப் பாடிய பாட்டு, அடுக்குமாடிகளுக்கு நடுவே நாள்தோறும் ஒலிக்கிறது.

ஜப்பான் என்றவுடன் சாமுராய், ஹிரோஷிமா, அதிவேக ரயில் என்று நம் நினைவு தாவிச் செல்கிறது. அந்நாட்டு மக்களில் பெரும்பகுதியினர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்த வாழ்வோ இவை எவற்றிலும் இல்லை. ரயில் நிலையம், அதன் வாசலில் சைக்கிள் நிறுத்துமிடம், ஒரு கடைத்தெரு, மேட்டின் மீது ஒரு வீடு, அந்த வீட்டுக்காக முப்பது ஆண்டுகள் ரயிலில் நின்றுகொண்டே சென்ற ஒரு மனிதர்: இதுதான் அந்த வாழ்வு. அந்த வீடு யாருடைய நிலத்தில் எழுந்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள், இப்போது அது என்னவாயிற்று என்பவற்றையே இக்கட்டுரையில் பார்க்க முயல்கிறோம்.

காடும் வயலும்

டோக்கியோவுக்கு மேற்கே விரிந்து கிடந்த சமவெளிக்கு முசாஷினோ என்று பெயர். பழங்கவிதைகளில் அது புல்வெளி. நிலவு புல்லிலிருந்து எழுந்து புல்லிலேயே மறையும் நிலம். இந்த மரபான காட்சியை மாற்றியவர் குனிகிடா டோப்போ. 1896-இல் அவர் ஷிபுயா கிராமத்தில் குடியிருந்தார். ஆம், கிராமம்தான். உலகின் நெரிசல் மிகுந்த நாற்சந்திகளில் ஒன்றாக இன்று சுட்டப்படும் அதே ஷிபுயா. அங்கிருந்து தாம் நடந்து கண்ட இலையுதிர் காடுகளைப் பற்றி 1898-இல் எழுதிய கட்டுரை, பின்னர் 'முசாஷினோ' என்ற பெயரில் 1901-இல் நூலாக வந்தது. ஓக் மரக்காட்டில் அழகு காணும் கண்ணைத் தமக்கு அளித்தது, ஃபுதபதேய் ஷிமேய் மொழிபெயர்த்த துர்கனேவின் கதையே என்று டோப்போ தயங்காமல் ஒப்புக்கொண்டார். ருஷ்ய எழுத்தாளர் ஒருவர் வழியாக ஒரு ஜப்பானியர் தம் ஊர்க் காட்டைக் கண்டடைந்தார் என்பது இலக்கிய வாசகர்களாகிய நமக்கு வியப்பளிக்காது.

அவர் கண்டது இயற்கையாக வளர்ந்த அடவி அன்று. உழவர்கள் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அம்மரங்களை வெட்டுவார்கள். அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வெட்டியது விறகும் கரியும் ஆகும். உதிர்ந்த சருகு வயலுக்கு எருவாகும். ஊரையும் மலையையும் இணைக்கும் இத்தகைய நிலத்தை ஜப்பானியர் 'சதோயாமா' என்பர். நம் திணைக் கோட்பாட்டில் முல்லையும் மருதமும் கைகோக்கும் இடம் என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். மனித உழைப்பு நின்றுவிட்டால் அந்த நிலமும் உருமாறிவிடும் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

டோப்போவுக்குப் பத்தாண்டுகள் கழித்து மற்றோர் எழுத்தாளர் அப்பக்கம் வந்தார். 1906-இல் யாஸ்னயா போல்யானாவுக்குச் சென்று தல்ஸ்தோயைச் சந்தித்துத் திரும்பிய டோகுடோமி ரோகா, 1907-இல் டோக்கியோவின் மேற்கிலுள்ள கசுயா என்னும் சிற்றூரில் ஓலைக்கூரை வீடொன்றை வாங்கி உழவராக வாழ முற்பட்டார். அந்த அனுபவங்களை 'மண்புழுவின் உளறல்' எனப் பொருள்படும் நூலாக 1913-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் கேயோ மின்ரயில் அப்பகுதியில் ஓடத் தொடங்கியது தற்செயலே. ஆயினும் பொருள் பொதிந்த தற்செயல். நகரை விட்டு விலகி வந்தவரை நகரம் தண்டவாளம் போட்டுத் துரத்திவந்தது. அவர் உழுத இடம் இன்று அவர் பெயரால் ஒரு பூங்கா. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வீடுகள்.

ரயில் பெற்ற ஊர்கள்

பொதுவாக ஊர் இருக்கும் இடத்துக்கு ரயில் வரும். ஜப்பானில் ரயில்தான் ஊரைப் பெற்றது. இந்தத் தலைகீழ் முறைக்கு வழிகாட்டியவர் ஒசாகாவின் கோபயாஷி இச்சிஸோ. வங்கி வேலையை விட்டு வந்த அவர் தலைமையேற்ற மின்ரயில் நிறுவனம் 1910-இல் ஒசாகாவின் உமேதாவிலிருந்து தகராசூகாவுக்கு ரயில் விட்டது. வழியில் பெரிய ஊர்களே இல்லை. பயணிகள் எங்கிருந்து வருவார்கள்? அவர்களை உண்டாக்குவது என்று கோபயாஷி முடிவு செய்தார். ரயில் வருமுன்பே பாதையோர நிலங்களை மலிவாக வாங்கி, இகேடாவில் சுமார் 200 மனைகள் பிரித்து வீடுகள் கட்டினார். பத்தாண்டுத் தவணையில் விற்றார். எந்த நிலத்தைத் தேர்ந்தெடுப்பது, எத்தகைய வீட்டில் குடியிருப்பது என்று கேள்வி எழுப்பி 1909-இல் அவர் வெளியிட்ட துண்டு நூல், ஒசாகாவின் புகைமண்டலத்தையும் புறநகரின் நல்ல காற்றையும் எதிரெதிரே நிறுத்தியது.

அவருடைய கணக்கு எளிமையானது. காலையில் கணவர் அலுவலகத்துக்குச் செல்ல ஒரு திசையில் ரயில். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் பொழுதுபோக்க எதிர்த்திசையில் ரயில். பின்னதற்காக மறுமுனையில் உருவானதுதான் பெண்களே எல்லா வேடமும் ஏற்கும் தகராசூகா நாடகக் குழு. அதன் முதல் நிகழ்ச்சி 1914-இல் நடந்தது. 1929-இல் உமேதா நிலையத்திலேயே பல்பொருள் அங்காடி திறந்தார். இல்லத்தரசிகளுக்கு நண்பகலில் ரயிலேற ஒரு காரணம் கிடைத்தது. ஒரு குடும்பத்தின் வாரம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் ரயில் தடத்துக்குள் அடங்கியது. ஜப்பானின் தனியார் ரயில் நிறுவனங்கள் இன்றளவும் நடந்துவரும் பாதை இது.

டோக்கியோவில் தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி 1918-இல் பூங்கா நகர நிறுவனத்தைத் தொடங்கினார். ஆங்கிலேயர் எபனேசர் ஹோவர்டின் கருத்து அதற்கு ஊக்கம் தந்தது. ஹோவர்ட் எண்ணிய நகரில் வீட்டோடு தொழிற்சாலையும் விளைநிலமும் உண்டு. டோக்கியோவுக்கு வந்து சேர்ந்ததோ வீடு மட்டுமே. வேலை பழைய நகரிலேயே தங்கிவிட்டது. இன்று டென்என்சோஃபு எனப்படும் இடத்தில் 1923-இல் மனை விற்பனை நடந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் கான்தோ பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் சுமார் 1,05,000 பேர். நெருக்கமான மரவீடுகள் எரிந்த கீழ்நகரிலிருந்து மக்கள் மேற்கே நகர்ந்தனர். 'யூயாகே கோயாகே'யின் அச்சுப் பிரதிகளில் பெரும்பாலானவை அந்தத் தீயில்தான் அழிந்தன என்றும், தப்பிய சில பிரதிகளின் வழியே பாட்டு பரவியது என்றும் சொல்வர்.

இக்காலப் புறநகரை நாம் கண்ணால் காண விரும்பினால் ஓசுவின் 1932-ஆம் ஆண்டு ஊமைப்படமான 'பிறந்தோம், ஆனால்' போதும். வெற்று மனைகள், மின்கம்பங்கள், காட்சிக்குக் காட்சி பின்னணியில் கடந்துசெல்லும் மின்ரயில். மேலதிகாரியின் வீட்டருகே குடியேறிய ஓர் ஊழியர், அவர் முன் குழைந்து கோமாளித்தனம் செய்வதை மகன்கள் பார்த்துவிடுகிறார்கள். தந்தையின் அலுவலக முகம் ரயிலேறிப் புறநகர் வரை வந்துவிட்ட கதை அது. வேலையையும் வீட்டையும் தண்டவாளம் பிரித்துவைக்கும் என்ற நம்பிக்கை எத்துணை மெலியது என்பதை இதைவிட நயமாக எவரும் காட்டவில்லை.

எஃகுக் கதவும் சமையலறை மேசையும்

1945-இல் போர் முடிந்தபோது ஜப்பானில் 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டார்கள். 1955-இல் அரசு வீட்டுவசதிக் கழகத்தை நிறுவியது. அக்கழகம் நகர விளிம்புகளில் கட்டிய அடுக்குமாடித் தொகுதிகளே 'டான்ச்சி'. பெரும்பாலும் நான்கைந்து மாடி, மின்தூக்கி கிடையாது. ஒரு வீட்டின் பரப்பு ஏறத்தாழ 40 சதுர மீட்டர்.

இன்று சிறியதாகத் தோன்றும் அந்த வீடு அன்று ஒரு புரட்சி. பழைய வீடுகளில் உண்ணும் அறையிலேயே இரவில் படுக்கை விரிப்பார்கள். ஏழை வீடானாலும் உண்ணுமிடமும் உறங்குமிடமும் வேறாக இருக்கவேண்டும் என்று கட்டடவியலாளர் நிஷியாமா உசோ போர்க்காலத்திலேயே வாதிட்டார். அக்கருத்து 1951-இல் பொது வீடுகளுக்கான மாதிரி வரைபடத்தில் இடம்பெற்று, கழகத்தின் வீடுகளில் நாற்காலியும் மேசையும் கொண்ட சமையலறையாக உருப்பெற்றது. பழைய வீட்டின் இருண்ட வடக்கு மூலையில் தனித்து நின்றவள், வெளிச்சத்தில், குடும்பத்தார் அமர்ந்திருக்கும் மேசையருகே வந்து நின்றாள். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி பொருத்திய அச்சமையலறையின் வடிவமைப்பில் ஹமாகுச்சி மிஹோ என்ற பெண் கட்டடக் கலைஞர் பங்காற்றினார். வாசலில் எஃகுக் கதவு, அதற்கு உருளைப் பூட்டு. ஒரே சாவியால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம். மாமியார், அண்டை வீடு, ஊர்க்கண் ஆகிய எல்லாவற்றுக்கும் எதிராக மூடிக்கொள்ளக்கூடிய கதவு அது. அந்தக் கதவுக்கு நாம் மீண்டும் வருவோம்.

இவ்வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. விண்ணப்பித்தவர்கள் மிகப் பலர். குறிப்பிட்ட அளவு வருமானம் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும் என்பதால், குடியேறியவர்கள் பெரும்பாலும் இளம் அலுவலகக் குடும்பங்கள். 1958-இல் வார இதழ் ஒன்று இவர்களுக்கு 'டான்ச்சிக் குலம்' என்று பெயரிட்டது. 1960 செப்டம்பரில் பட்டத்து இளவரசரும் இளவரசியும் ஹிபாரிகஓகா டான்ச்சிக்கு வந்து ஒரு வீட்டின் பால்கனியில் நின்றார்கள். அத்தொகுதியைப் பின்னாளில் இடித்துக் கட்டியபோது, அந்தப் பால்கனியை மட்டும் எடுத்து நினைவாக வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெண்கள் கணவனுக்காகக் காத்திருந்தது மட்டும் செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1965-இல் டோக்கியோவின் செதகயா பகுதியில் இல்லத்தரசிகள் சிலர் கூடி, பாலை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'செய்கத்சு' கூட்டுறவு இயக்கம். பின்னர் அதன் உறுப்பினர்கள் பலர் உள்ளாட்சி மன்றங்களுக்கும் போட்டியிட்டு வென்றார்கள். பகலில் ஆடவர் இல்லாத ஊரில் பெண்களே ஊரை நடத்தினார்கள்.

குன்றுகளை வெட்டி ஒரு நகரம்

1960-களில் டோக்கியோவின் விளிம்பு கட்டுப்பாடின்றிப் பரவியது. அதனை ஒழுங்குபடுத்த 1963-இல் புதிய குடியிருப்பு நகரச் சட்டம் பிறந்தது. திட்ட எல்லைக்குள் உள்ள நிலம் முழுவதையும் வாங்கவும், தேவையானால் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் அது வழிசெய்தது. 1965-இல் தாமா புதுநகர்த் திட்டம் முடிவாயிற்று. சுமார் 2,900 ஹெக்டேர். மூன்று லட்சம் பேருக்கான நகரம். ஹாச்சியோஜி, மச்சிதா, தாமா, இனாகி என நான்கு நகராட்சிகளில் அது பரவியது.

மண்ணைத் தோண்டியபோது முதலில் வெளிப்பட்டது பழமை. 964 தொல்லியல் இடங்கள் அங்கே பதிவாயின. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜோமோன் காலத்து மக்கள் அதே சரிவுகளில் குடியிருந்திருக்கிறார்கள். 1987-இல் அங்கு திறந்த தொல்லியல் பூங்காவில் அவர்களுடைய குடிசைகளை மீட்டுருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். புதுநகர் என்ற பெயர் எவ்வளவு தற்காலிகமானது என்பதை அப்பூங்காவைப் போலச் சொல்வது வேறில்லை.

அடுத்து, அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். பட்டும் கரியும் கூடை முடைதலுமாக இருந்த குன்றுப்புற ஊர்கள் அவை. பள்ளத்தாக்கின் பழைய குடியிருப்புகளை விட்டுவைத்து, மேட்டு நிலங்களை எடுத்துக்கொண்டது திட்டம். நிலத்தை இழந்த உழவர்களுக்குப் புதுநகரின் கடைத்தெருக்களில் கடை வைக்க முன்னுரிமை தந்தார்கள். நேற்றுவரை மண்வெட்டி பிடித்தவர் இன்று மளிகைக்கடை முதலாளி. ஆனால் பின்னர் ரயில் நிலையங்களை ஒட்டிப் பேரங்காடிகள் வந்தபோது, முதலில் படுத்தவை இச்சிறு கடைகளே. ஒரு தலைமுறைக்குள் இருமுறை பிழைப்பை இழந்த குடும்பங்கள் உண்டு. ஹாச்சியோஜிப் பக்கத்து ஹோரினோஉச்சியில் பால்பண்ணை உழவர்கள் சிலர், எங்களுக்கு உழவே போதும் என்று நெடுங்காலம் எதிர்த்து நின்றனர். மனிதர்களின் எதிர்ப்பைவிட விலங்குகளின் எதிர்ப்பே உலகறிந்ததாயிற்று. இசாவோ தகஹாதாவின் 1994-ஆம் ஆண்டு அசைவூட்டப் படமான 'பொம்போகோ'வில், இக்குன்றுகளின் தானுகிகள் உருமாறும் வித்தைகளால் கட்டுமானத்தை நிறுத்த முயன்று தோற்கின்றன. தோற்றவற்றுள் சில மனித வேடம் பூண்டு அலுவலக ரயிலில் நசுங்கிச் செல்கின்றன. சிரிக்க வைக்கும் காட்சிதான். ஆனால் கடை முதலாளியான உழவரை அறிந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பது கடினம்.

1971 மார்ச்சில் சுவா, நாகயாமா பகுதிகளில் முதற்குடிகள் வந்திறங்கினர். வீடு இருந்தது, பள்ளி இருந்தது; ரயில் இல்லை. பேருந்தில் செய்செகி-சகுராகஓகா நிலையம் வரை சென்று, அங்கிருந்தே டோக்கியோவுக்கு ரயிலேற வேண்டும். மழைநாட்களில் சேற்றுப் பாதை. நாளிதழ்கள் அவ்விடத்தைத் 'தரையிலுள்ள தனித்தீவு' என்றன. 1974-இல்தான் ஒடக்யூ, கேயோ ஆகிய இரு தடங்களும் வந்து சேர்ந்தன.

ஒரு நாளின் பிரிவு

பொருள்வயிற் பிரிவு என்று நம் அகமரபு ஒரு துறை வகுத்தது. தலைவன் பொருள் தேடிச் சுரம் கடப்பான். தலைவி நாளெண்ணிச் சுவரில் கோடிட்டுக் காத்திருப்பாள். புறநகரில் அப்பிரிவு காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடிந்தது. மறுநாள் மீண்டும் தொடங்கியது. பயணச்சீட்டின் செலவைப் பெரும்பாலும் நிறுவனங்களே ஏற்றதால், வீட்டுக்காக இன்னும் தொலைவு போகலாம் என்று மக்கள் துணிந்தனர். ஊழியர் கொடுத்தது காசுக்குப் பதில் காலம்.

நெரிசலின் அளவைக் காண்போம். ஷிஞ்ஜுகு நிலையத்தில் பயணிகளைப் பெட்டிக்குள் தள்ள ஆட்களை 1955-இலேயே அமர்த்தினார்கள். 1975-இல் டோக்கியோவின் முக்கியத் தடங்களில் காலை நெரிசல் சராசரி 221 விழுக்காடு. அதாவது நூறு பேருக்கான இடத்தில் 221 பேர். பெண்களுக்கு அந்த நெரிசல் வேறுவகை இடர். கேயோ நிறுவனம் 2001-இல் இரவு ரயில்களில் பெண்களுக்கெனத் தனிப்பெட்டி விட்டது. பிற தடங்களும் பின்பற்றின. தடங்களை இரட்டிப்பாக்கியும் பெட்டிகளைக் கூட்டியும் 2019-இல் நெரிசல் 163 விழுக்காடாகக் குறைந்தது. 2020-இல் கொள்ளைநோய் அதை ஒரே ஆண்டில் 107 ஆக்கியது. அறுபதாண்டு முதலீடு செய்யாததை ஒரு நுண்கிருமி செய்தது. அத்தனை பேர் அலுவலகத்துக்குப் போகாமலும் வேலை நடந்தது என்பதை அப்போதுதான் பலர் கண்டனர்.

மூடிய கதவு

ஒரே வயதினர் ஒரே நேரத்தில் குடியேறினால் ஒரே நேரத்தில்தான் முதுமையும் வரும். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறினர். பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காரும் மனிதரும் குறுக்கிடாதவாறு அமைத்த நடைபாலங்களும் படிக்கட்டுகளும் இளந்தாய்களுக்குப் பாதுகாப்பாக இருந்தவை. எழுபது வயதில் அதே படிகள் மலையாயின. மின்தூக்கி இல்லாத ஐந்தாம் மாடியில் அரிசிப் பையுடன் ஏறுவதை எண்ணிப் பார்க்கலாம்.

2001-இல் டோக்கியோவின் கிழக்கே, சிபா மாநிலத்து மட்சுதோ நகரின் டோகிவதைரா டான்ச்சியில் ஒரு முதியவரின் உடல் எலும்பாகக் கிடைத்தது. அவர் இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. வாடகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துகொண்டிருந்தது; சேமிப்பு தீர்ந்த பிறகே ஆள் வந்து கதவைத் தட்டினார்கள். 1960-இல் குடியேற்றம் தொடங்கியபோது சுதந்திரத்தின் அடையாளமாக இருந்த அந்த எஃகுக் கதவு இப்படியும் மூடியிருக்கக்கூடும் என்று எவரும் நினைக்கவில்லை. அதிர்ந்துபோன அக்குடியிருப்பு மக்கள், தனிமைச் சாவே இல்லாத ஊராக்குவோம் என்று இயக்கம் கண்டனர். தனித்து வாழ்வோரை விசாரித்தனர். கூடிப்பேச இடம் திறந்தனர். வேண்டாம் என்று முன்னோர் விட்டுவந்த ஊர்க்கண்ணைப் பிள்ளைகள் மீண்டும் தேடிக் கட்டினார்கள்.

தாமாவும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. இன்று சுமார் 2.2 லட்சம் பேர் வாழ்கிறார்கள். முதற்குடிகள் இறங்கிய சுவாவில் 640 வீடுகள் கொண்ட தொகுதியைக் குடியிருப்போரே ஒன்றுகூடி இடித்து, 2013-இல் 1,249 வீடுகளாகக் கட்டினார்கள். பல்லாண்டுப் பேச்சுக்குப் பின்னர் கிடைத்த ஒப்புதல் அது. இளம் குடும்பங்கள் வந்தன. நட்ட மரங்கள் ஐம்பதாண்டில் உயர்ந்து, தெருக்கள் நிழல் பெற்றிருக்கின்றன. டோப்போ இன்று வந்தால் இவற்றைக் காடு என்று ஏற்பாரா என்பது வேறு கேள்வி.

புறநகரைப் பழிப்பது எளிது. அரசும் ரயில் நிறுவனங்களும் விற்ற கனவு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் போரில் எரிந்த நகரில் ஒற்றையறையில் ஒடுங்கிய ஒருத்திக்கு வெயில் விழும் சமையலறை கிடைத்தது பொய்யில்லை. அந்த வெயிலுக்காக ஒருவர் மண்ணை இழந்தார், மற்றொருவர் தம் மாலைப்பொழுதுகளை எல்லாம் இழந்தார் என்பதும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுதவேண்டும் என்று தோன்றுகிறது.

போர்க்காலத்தில், 1941-இன் உலோகச் சேகரிப்பு ஆணையை அடுத்து, ஜப்பானின் கோயில் மணிகள் பல உருக்கப்பட்டன. நகாமுரா உகோவின் பாட்டில் வரும் மணியோசையை இன்று ஒலிபெருக்கி நினைவூட்டுகிறது. ஐந்து மணிக்கு அது ஒலிக்கும்போது மணல்மேட்டில் விளையாடும் பிள்ளைகள் சில ஊர்களில் நால்வர், சில ஊர்களில் ஒருவருமில்லை. மேல்மாடியில் தனித்திருக்கும் ஒரு முதியவர் அதைக் கேட்டு, இன்னொரு நாள் முடிந்தது என்று விளக்கைப் போடுகிறார். கீழே நடந்துபோகும் அண்டை வீட்டார் அந்தச் சன்னல் வெளிச்சத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் செல்கிறார்கள்.